தைலம் நெற்றியில், கோளாறு கழுத்தில்

புதுச்சேரியில் எந்த ஹாஸ்டல் அறைக்குள் நுழைந்தாலும் மூன்று சாமான்கள் கண்டிப்பாகக் கண்ணில் படும். ஒரு செல்போன் சார்ஜர், பாதி தீர்ந்த தைல டப்பா, அங்கங்கே கிழித்த தலைவலி மாத்திரை அட்டை. செமஸ்டர் பரீட்சை நெருங்க நெருங்க டப்பாவும் அட்டையும் வேகமாகத் தீரும். சாயங்காலம் லாஸ்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஏதாவது ஒரு மெடிக்கல் ஷாப் வாசலில் கால் மணி நேரம் நின்றால் போதும். "அண்ணா, தலைவலிக்கு ஒண்ணு குடுங்கண்ணா" என்று கேட்டு நாலு பேராவது வருவார்கள். என்ன மாத்திரை என்று இவர்களும் கேட்பதில்லை, எதனால் வலி என்று அண்ணாவும் கேட்பதில்லை. ரெண்டு ரூபாயோ அஞ்சு ரூபாயோ கை மாறும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. தலைவலிகளில் ஒரு வகை தலையில் பிறப்பதே இல்லை. அது கழுத்தில் பிறந்து தலைக்கு ஏறுவது. அந்த வகைக்கு நெற்றியில் எதைப் பூசினாலும், எத்தனை மாத்திரை விழுங்கினாலும் அடுத்த நாள் சாயங்காலம் வலி திரும்பி வந்து கதவைத் தட்டும். அதற்கு உண்மையிலேயே இயற்கையான வைத்தியம் உண்டு. பணமும் பெரிதாகச் செலவாகாது. ஆனால் 'இயற்கை' என்ற பெயரில் ஊரில் நடப்பதில் பாதி உதவாதது, கொஞ்சம் ஆபத்தானதும்கூட. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

முதலில், கழுத்தில் உள்ள கோளாறு நெற்றியில் எப்படி வலிக்கும்?

தலைவலி என்றால் மூளை வலிக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. மூளைத் திசுவுக்கு வலியே தெரியாது. நெற்றி, கண்ணைச் சுற்றிய இடம், முகம் இங்கிருந்தெல்லாம் வலிச் செய்தியைத் தூக்கிக்கொண்டு போவது ட்ரைஜெமினல் என்கிற முகத்து நரம்பு. அது போய்ச் சேரும் நரம்பணுக் கூட்டம் மூளைத்தண்டில் ஆரம்பித்துக் கழுத்தின் மேல்பகுதித் தண்டுவடம் வரை இறங்கி நிற்கிறது. கழுத்தின் உச்சியில் உள்ள முதல் மூன்று ஜோடி நரம்புகளும் தங்கள் செய்தியைக் கொண்டுவந்து கொட்டுவது அதே இடத்தில்தான். இரண்டு பக்கத்துச் செய்தியும் ஒரே வாசலில் வந்து சேர்வதால், மேலே இருக்கும் மூளைக்கு எது எங்கிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடுகிறது.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ராமனுக்குப் பற்று எழுத வேண்டிய தொகையைச் சோமன் கணக்கில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? இருப்பாய்வு அழகாக டாலி ஆகும். எங்கேயும் சிவப்பு விளக்கு எரியாது. ஆனால் பாவம் சோமன், வாங்காத கடனுக்கு நோட்டீஸ் வாங்கிக்கொண்டிருப்பான். கழுத்து மூட்டில் வந்த செலவை மூளை நெற்றிக் கணக்கில் பதிந்துவிடுகிறது. நாம் போய்ச் சோமன் வீட்டில் தைலம் தடவிக்கொண்டிருக்கிறோம் :-)

இந்த வகைக்கு 'செர்விகோஜெனிக்' தலைவலி, அதாவது கழுத்திலிருந்து பிறக்கும் தலைவலி என்று பெயர் கொடுத்தவர் நார்வே நாட்டு நரம்பியல் மருத்துவர் ஒட்டார் ஷோஸ்டாட். வருஷம் 1983. அதற்கு முன்பும் மனிதர்களுக்குக் கழுத்தும் தலைவலியும் இருந்தன. தனி நோயாகப் பிரித்துப் பெயர் வைத்தது அப்போதுதான். இன்றைக்கும் மருத்துவர்களுக்குள் இதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை.

அடையாளம் இதுதான். வலி பெரும்பாலும் ஒரே பக்கம் இருக்கும். பிடரியில் ஆரம்பித்துப் பின்மண்டை வழியாக நெற்றிக்கோ கண்ணுக்குப் பின்னாலோ வந்து உட்காரும். இன்றைக்கு இடப்பக்கம், நாளைக்கு வலப்பக்கம் என்று மாறி மாறி வருவது குறைவு. கழுத்தை ஒரு பக்கம் திருப்பினால் அல்லது ஒரே நிலையில் நெடுநேரம் வைத்திருந்தால் அதிகமாகும். வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு பக்கம் தலை திரும்பும், இன்னொரு பக்கம் முழுசாகத் திரும்பாது. அதே பக்கத் தோளும் கையும் கனமாக இருக்கலாம். மண்டைக்குள் 'விண் விண்' என்று நாடி துடிப்பது போல அடிப்பது, வெளிச்சம் பட்டால் தாங்க முடியாதது, வாந்தி வருவது எல்லாம் மைக்ரேன் பக்கம் சாய்கிற அறிகுறிகள்.

இங்கே நேர்மையாக ஒன்று சொல்லியாக வேண்டும். இதைப் படித்த உடனே "எனக்கும் இதேதான்" என்று கழுத்தைப் பிடித்துக்கொள்கிறவர்களில் பலருக்கு இது இருக்காது. ஷோஸ்டாட் தன் நாட்டிலேயே வோகோ என்ற மலைப்பகுதியில் ஆட்களைப் பரிசோதித்தபோது சுமார் 4 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகச் சொன்னார். அதே நார்வேயில் ஆக்கர்ஷூஸ் மாவட்டத்தில் நடந்த இன்னொரு ஆய்வில், 30 முதல் 44 வயது வரை உள்ளவர்களிடம் கிடைத்த எண் 0.17 சதவீதம். அளவுகோலை இறுக்கினால் எண் சுருங்கிவிடுகிறது. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகத்தில் 2,329 பேரிடம் வீடு வீடாகப் போய்க் கேட்டு 2015-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருஷத்துக்குள் தலைவலி வந்ததாகச் சொன்னவர்கள் 63.9 சதவீதம், மைக்ரேன் மட்டும் 25.2 சதவீதம். நாலில் ஒருவருக்கு மைக்ரேன்! மைக்ரேன்காரர்களுக்கும் கழுத்து வலிப்பது சர்வ சாதாரணம் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. கழுத்து பிடித்துக்கொண்டதால் தலைவலி வந்ததா, மைக்ரேன் வரும் வழியில் கழுத்தைப் பிடித்ததா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் சொல்ல வேண்டும்.

ஆனாலும் மாணவர்கள் கழுத்தைப் பற்றிக் கவலைப்படக் காரணம் இருக்கிறது. ஒரு பி.காம் மாணவனின் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் பஸ்ஸில் குனிந்து போன். வகுப்பில் குனிந்து நோட்டு. கம்ப்யூட்டர் லேபில் டாலி, அதிலும் மானிட்டர் ஒரு பக்கம் நாற்காலி ஒரு பக்கம். ராத்திரி கட்டிலில் சாய்ந்து, இரண்டு தலையணையை அண்டக் கொடுத்து, நெஞ்சு மேல் புத்தகம். அதற்கு நடுவில் ஸ்கூட்டி ஓட்டும்போது காதுக்கும் தோளுக்கும் நடுவே போனைச் செருகிக்கொண்டு கழுத்தை ஒரு பக்கமாக ஒடித்தபடி நேரு வீதி நெரிசலில் போவது. (போலீஸ் பிடித்தால் அபராதம். கழுத்து பிடித்தால் அதைவிடப் பெரிய அபராதம்.)

தலையின் எடை சுமார் நாலரை முதல் ஐந்தரை கிலோ. குனியக் குனியக் கழுத்தின் மேல் விழும் பாரம் கூடும் என்று 2014-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் கென்னத் ஹன்ஸ்ராஜ் ஒரு கணக்குப் போட்டார். 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ என்பது அதில் வந்த எண். இணையத்தில் தலை குனிந்த பொம்மைப் படத்துடன் சுற்றிக்கொண்டே இருப்பது இந்த எண்தான். அது கணினி மாதிரியில் போட்ட கணக்கு, உயிருள்ள மனிதர்களிடம் அளந்தது கிடையாது. ஆகவே 27 கிலோவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தொந்தரவு குனிவதில் மட்டும் இல்லை, குனிந்தபடியே மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பதில்தான் அதிகம். விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்து அப்படியே மூன்று மணி நேரம் இருந்தாலும் கழுத்து முணுமுணுக்கத்தான் செய்யும்.

பழைய மண்டிக் கடைகளில் கணக்குப்பிள்ளைக்கு ஒரு சாய்வு மேசை இருக்கும். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே சரிவான பலகை வைத்த பெட்டி, அதன் மேல் பேரேடு. இப்போது அது பழைய சாமான் கடைகளில் 'ஆன்டிக்' என்று நல்ல விலைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப் போகிறார்கள். நாள் முழுக்கக் கணக்கு எழுதுகிறவனுக்குக் கண் பக்கம் எழும்பி நிற்கும் பலகை ஒரு வரம். பேரேடு மேலே வந்துவிடுவதால் தலை அவ்வளவு கீழே போக வேண்டியதில்லை. பரீட்சை அட்டையின் பின்பக்கத்துக்கு இரண்டு தடித்த புத்தகத்தை முட்டுக் கொடுத்தால் அதே சரிவு கிடைக்கும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனிக் கீபோர்டு ஒன்று வைத்துக்கொள்ளலாம். இதெல்லாம் வைத்தியக் கணக்கில் வராது, ஆனால் வைத்தியம் பலிப்பதற்கு வேண்டிய வேலை.

சரி, வீட்டு வைத்தியம்.

தைலத்தை ஒரேயடியாகக் கிண்டல் செய்வது நியாயமில்லை. 1893-ல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் ஆரம்பித்து, பிறகு சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன் நூறு வருஷத்துக்கு மேல் ஓடுகிறது என்றால் சும்மா ஓடவில்லை. ஜெர்மனியில் கீல் நகரத்தில் 1996-ல் ஒரு சோதனை செய்தார்கள். இறுக்கத் தலைவலி உள்ள 41 பேருக்குப் பத்து சதவீதப் புதினா எண்ணெய்க் கரைசலை நெற்றியில் பூசிப் பார்த்ததில், 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தது. ஆக, குளிர்ச்சி தரும் எண்ணெய் நெற்றியில் பட்டால் கொஞ்ச நேரம் வலி அடங்குவது நிஜம். சோதித்தது இறுக்கத் தலைவலியை, கழுத்துத் தலைவலியை அல்ல என்பதையும் மறக்கக் கூடாது. கழுத்து மூட்டின் இறுக்கத்தை எந்தப் புதினாவும் தளர்த்தாது.

சுக்கை உரசிப் பற்றுப் போடுவதும் அப்படித்தான். எரிச்சல் வலியை மறக்கடிக்கும். சில பேருக்குத் தோல் வெந்து போய்விடும், அதனால் காய விட்டுத் தூங்கிவிடக் கூடாது. நொச்சி இலையைத் தலையணையில் அடைத்துப் படுப்பது, நொச்சி போட்டு ஆவி பிடிப்பது எல்லாம் பாட்டிமார் சொத்து. ஜலதோஷத்தால் வரும் மண்டைக் கனத்துக்குச் சுகமாக இருக்கும். கழுத்துக்கு அதிலும் பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது.

வீட்டுச் சாமான்களில் உருப்படியாகக் கழுத்துக்கு உதவக்கூடியது உப்பு ஒத்தடம். கல் உப்பை வாணலியில் வறுத்து, துணியில் முடிந்து, பிடரியிலும் தோள்பட்டை மேலும் ஒற்றி ஒற்றி எடுப்பது. தவிட்டு ஒத்தடமும் அதே ரகம். பதினைந்து இருபது நிமிஷம் சூடு பட்டால் இறுகின தசை இளகும். முதலில் கையில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். சர்க்கரை நோயால் தோலில் உணர்வு குறைந்தவர்களுக்கு ஒத்தடம் கொடுப்பதில் கவனம் தேவை. ஒத்தடத்தால் நோய் போகாது. அது தசையை இளக்கி, கழுத்தை அசைக்க ஒரு மணி நேரம் வாய்ப்புக் கொடுக்கும். அந்த ஒரு மணி நேரத்தில் பயிற்சி செய்யாமல் போனை எடுத்துக்கொண்டு குனிந்தால் உப்பு வீண்.

அடுத்து, பேசாமல் விட முடியாத விஷயம். சலூனில் நெட்டி முறிப்பது.

முடி வெட்டி முடிந்ததும் தலையில் கொஞ்சம் எண்ணெய் தட்டி, நெற்றியைப் பிடித்துவிட்டு, கடைசியில் தாடையையும் பின்மண்டையையும் பிடித்து இப்படி ஒரு திருப்பு, அப்படி ஒரு திருப்பு. 'டக்', 'டக்'. தலைவலி இருந்தவருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டதுமே வலி போன மாதிரி இருக்கும். பெரும்பாலும் இதற்குக் காசுகூட வாங்க மாட்டார்கள், அன்பாகச் செய்வது. தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் முடிதிருத்தும் சமூகத்தவரை மருத்துவர், பண்டிதர் என்று அழைத்த வழக்கம் உண்டு. அவர்கள் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக ஊருக்கே பிரசவம் பார்த்தவர்கள். அந்தக் கைகளைக் குறைத்துப் பேசுவது நோக்கமில்லை. ஆனால் கழுத்தை வெடுக்கென்று திருப்புவதை மட்டும் நிறுத்த வேண்டும்.

காரணம் உடற்கூறு. தலையை இடம் வலமாகத் திருப்புவதில் கிட்டத்தட்ட பாதி அசைவு கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு நடுவிலேயே நடக்கிறது. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டு போகும் இரண்டு தமனிகள் அந்த எலும்புகளின் ஓட்டைகள் வழியாக வளைந்து நெளிந்துதான் மேலே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது தமனியின் உள்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம்.

கற்பனை என்று நினைப்பவர்களுக்கு நடந்ததைச் சொல்லலாம். கர்நாடகத்தின் பல்லாரியில் 2024-ல் முப்பது வயது இளைஞர் ஒருவர் முடி வெட்டிக்கொண்ட பிறகு இலவசமாகக் கிடைத்த தலை மசாஜில் கழுத்தைத் திருப்பிவிட்டார்கள். சில மணி நேரத்தில் பேச்சுக் குழறி, இடப்பக்கம் பலம் இழந்தது. கழுத்துத் தமனி கிழிந்து வந்த பக்கவாதம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தேறி வர இரண்டு மாதம் ஆனது. 2017-ல் டெல்லியில் 54 வயதுக்காரர் ஒருவருக்குச் சலூனில் நெட்டி எடுத்ததால் உதரவிதானத்தை இயக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு மூச்சு விடுவதே சிரமமாகிப் போனது. திருப்பக்கூட வேண்டாம், கழுத்தைப் பின்னால் அதிகம் மடக்கினாலே போதும். 1993-லேயே அமெரிக்காவில் மைக்கேல் வைன்ட்ரப் என்ற மருத்துவர், பியூட்டி பார்லரில் தலை அலசும்போது கழுத்தை மடக்கியதால் பக்கவாத அறிகுறி வந்த ஐந்து பெண்களைப் பற்றி எழுதினார். ஐதராபாத்தில் 2022-ல் ஐம்பது வயதுப் பெண் ஒருவருக்கு அதே மாதிரி நடந்தது செய்தியானது.

லட்சக்கணக்கானோர் தினமும் நெட்டி எடுத்துக்கொண்டு நடமாடத்தானே செய்கிறார்கள் என்று வாதாடலாம். உண்மை. மிக மிக அரிதாக நடப்பதுதான். ஆனால் கிடைக்கும் லாபம் என்ன? அரை மணி நேரச் சுகம். நஷ்டம் என்ன? முப்பது வயதில் பேச்சு. இந்த வரவு செலவில் எந்தக் கணக்கன் கையெழுத்துப் போடுவான்? சலூனில் உட்கார்ந்ததுமே "அண்ணே, கழுத்த மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. தலையை, தோளை மெதுவாகப் பிடித்துவிடட்டும், தாராளமாக.

அப்படியானால் எதுதான் பலிக்கிறது? பயிற்சி. கேட்க ரொம்பச் சப்பென்று இருக்கிறது, தெரியும். டப்பாவில் வைத்து விற்க முடியாததால்தான் இதற்கு விளம்பரம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் க்வென் ஜல் என்ற பிசியோதெரபி பேராசிரியர் தலைமையில், கழுத்துத் தலைவலி உள்ள 200 பேரை நான்கு குழுவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2002-ல் வந்தது. ஒரு குழுவுக்குப் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட் கையால் மூட்டைத் தளர்த்தும் சிகிச்சை. ஒரு குழுவுக்குக் கழுத்து, தோள்பட்டைத் தசைகளுக்கான லேசான பயிற்சி. ஒரு குழுவுக்கு இரண்டும். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஆறு வாரம். சிகிச்சை பெற்ற மூன்று குழுவிலும் தலைவலி நன்றாகக் குறைந்தது, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பலன் நீடித்தது. பயிற்சி மட்டும் செய்தவர்கள் கைச்சிகிச்சை பெற்றவர்களுக்குச் சளைக்கவில்லை என்பதுதான் இதில் மாணவர்களுக்கான சேதி. செலவில்லாத பாதியே போதுமான அளவுக்கு வேலை செய்கிறது.

அந்தப் பயிற்சி என்ன என்று பார்த்தால் சிரிப்பு வரும். மல்லாந்து படுத்து, "ஆமாம்" என்பது போல மிக லேசாகத் தலையை ஆட்டுவது. தாடை தொண்டைப் பக்கம் கொஞ்சமாக இறங்கும், பிடரி நீளும், தலை தரையை விட்டு எழும்பாது. அப்படியே பத்து எண்ணும் வரை பிடித்து விடுவது, பத்து முறை. காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. கழுத்தின் முன்பக்கம் கயிறு மாதிரிப் புடைக்கும் பெரிய தசை புடைத்தால் பலமாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். உள்ளே ஒளிந்திருக்கும் சின்னத் தசைகள்தான் இங்கே மாணவர்கள், பெரிய தசை பிராக்ஸி கொடுக்க வந்தால் அனுமதிக்கக் கூடாது :-) இதோடு தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் கீழே இழுத்துப் பிடிப்பது ஒன்று. இரண்டையும் சேர்த்து ஒரு வேளைக்கு ஐந்தாறு நிமிஷம் ஆகலாம்.

ஜிம்மில் எடை தூக்குகிறவர்களுக்கு இது நம்பிக்கை தராது. மூன்று நாள் செய்துவிட்டு "ஒண்ணும் தெரியல மச்சான்" என்று விட்டுவிடுவார்கள். ஆய்வில் ஆறு வாரம் செய்தார்கள். தசைக்குப் பாடம் ஏறவும் ஒரு செமஸ்டர் வேண்டியிருக்கிறது.

துண்டைக் கழுத்தில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தலையைத் திருப்பும் பயிற்சி ஒன்றும் உண்டு. டோபி ஹால் என்பவரும் கூட்டாளிகளும் 2007-ல் 32 பேரிடம் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். ஆனால் அதை யூடியூப் பார்த்துச் செய்யாமல் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒரு முறை காட்டி வாங்கிக்கொள்வது நல்லது. துண்டு ஒரு எலும்பு கீழே போனால் பலன் இல்லை.

யோகா? பாண்டியில் இருந்துகொண்டு யோகாவைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா! சுவாமி கீதானந்தா இங்கே ஆனந்த ஆசிரமம் தொடங்கியது 1968-ல். அந்தப் பரம்பரையில் பிரம்ம முத்திரை என்று ஒன்று சொல்லித் தருகிறார்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை வலம், இடம், மேல், கீழ் என்று நான்கு திசையிலும் மெல்லத் திருப்பி, மூச்சு விடும்போது ஒவ்வொரு திசைக்கும் ஒரு ஒலி எழுப்புவது. நான்முகன் கணக்கு. கழுத்து இறுகினவனுக்கு இதைவிட மென்மையான அசைவு கிடைக்காது. ஜிப்மரிலேயே 2008-ல் யோகா சிகிச்சைக்கென்று ஒரு மையம் ஆரம்பித்தார்கள். ஆக, இந்த ஊரில் ஸ்டெதாஸ்கோப்பும் யோகாவும் ஒரே வளாகத்தில் இருந்து பழகியவை. ஜெர்மனியில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், நாள்பட்ட கழுத்துவலி உள்ள 51 பேரில் ஒன்பது வாரம் யோகா கற்றவர்களுக்கு, வீட்டிலேயே பயிற்சி செய்தவர்களைவிட வலி அதிகம் குறைந்தது. அது கழுத்துவலி, தலைவலிக்கான நேர்ச்சான்று இல்லை என்றாலும் கணக்கில் சேர்க்கலாம்.

ஒன்றே ஒன்று. "தலைக்கு ரத்த ஓட்டம் போகும், தலைவலி போயிடும்" என்று சொல்லிச் சிரசாசனம் செய்யச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தலைகீழாக நிற்கும்போது உடல் எடையில் 40 சதவீதத்துக்கு மேல் தலையும் கழுத்தும் தாங்குவதாக அளந்திருக்கிறார்கள். அறுபது கிலோ ஆளுக்கு இருபத்து நாலு கிலோ, ஒரு சிப்பம் அரிசி! ஏற்கெனவே கோளாறான கழுத்தின் மேல் அதை வைக்க வேண்டுமா? ஜூன் 21 யோகா தினத்துக்குப் போட்டோ எடுக்க ஆசைப்படுபவர்கள் வேறு ஆசனம் தேர்ந்தெடுக்கலாம்.

ஹெல்மெட் பற்றியும் ஒரு வார்த்தை. பாண்டியில் ஹெல்மெட் கட்டாயம் என்று அறிவிப்பு வரும்போதெல்லாம் "ஹெல்மெட் போட்டா கழுத்து வலி, தலைவலி" என்று ஒரு குரல் தவறாமல் எழும். ஒன்று ஒன்றரை கிலோ எடைதான். தலைக்குப் பொருந்தாத, முன்னால் சரியும் ஹெல்மெட் தொந்தரவு தரலாம், அதற்குச் சரியான சைஸ் வாங்க வேண்டும். கழுத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மண்டையை விடுவது என்ன புத்திசாலித்தனம் என்று புரியவில்லை.

மாத்திரைக்கு வரலாம். அவசரத்துக்கு ஒரு பாராசிட்டமால் போட்டால் பாவம் ஒன்றுமில்லை. ஆனால் சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் மாதிரி வேறு மருந்து கலந்த கூட்டு மாத்திரை என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு அதிகமாக விழுங்கினால் அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கும். இது சர்வதேச தலைவலி வகைப்பாட்டிலேயே தனி நோயாக இருக்கிறது. தலைவலி வருகிறது, மாத்திரை. மாத்திரை தீர்கிறது, தலைவலி. வட்டி கட்டுவதற்காக வாங்கும் கடன் மாதிரி. அட்டையின் பின்பக்கம் என்ன மருந்து எழுதியிருக்கிறது என்று ஒரு தரம் படித்துப் பார்த்தால், கூட்டு மாத்திரையா இல்லையா என்று தெரிந்துவிடும். 'இயற்கை' வேண்டும் என்று கேட்பவர்களின் கோபம் இந்த இடத்தில் நியாயமானதுதான்.

கழுத்தையும் பிசியோதெரபியையும் பற்றி எவ்வளவு சொன்னாலும், சில தலைவலிகளுக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கவே கூடாது. இடி விழுந்த மாதிரி ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகும் வலி. காய்ச்சலோடு கழுத்து விறைத்துக்கொள்வது. வண்டியிலிருந்து விழுந்த பிறகு வரும் வலி. பேச்சுக் குழறல், இரட்டையாகத் தெரிவது, கை கால் பலம் குறைவது. கழுத்தைத் திருப்பிவிட்ட பிறகு தலைசுற்றலும் புதுவிதக் கழுத்துவலியும். ஐம்பது வயதைத் தாண்டிய அப்பா அம்மாவுக்கு முன்பு இல்லாத தலைவலி புதிதாக ஆரம்பிப்பது. இதற்கெல்லாம் உப்பு வறுக்கக் கூடாது, 108-ஐ அழைப்பதோ ஆஸ்பத்திரிக்கு ஓடுவதோதான்.

அவசரம் இல்லாத, ஆனால் மாதக்கணக்கில் விடாத வலி என்றால் இந்த ஊரில் வாய்ப்புக்குக் குறைவில்லை. கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது, நகரத்துக்குள் இந்திரா காந்தி அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. வரிசையில் நிற்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். போவதற்கு முன் ஒரு மாதத்துக்கு ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். தேதி, வலி எங்கே ஆரம்பித்தது (பிடரியா, நெற்றியா), எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம், அதற்கு முன்னால் எவ்வளவு நேரம் குனிந்திருந்தது, அன்றைக்கு எத்தனை மாத்திரை, மாத்திரையின் பெயர். ஏழு பத்தி, தினம் ஒரு வரி. பேரேடு எழுதிப் பழகிய கைகளுக்கு இது ஒரு பெரிய வேலையா? மாத்திரைப் பத்தியை மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்க மட்டும் மறக்கக் கூடாது. நிறைய பேருக்கு அங்கேதான் அதிர்ச்சி காத்திருக்கிறது.